மன்னவனூர் சாலையில் இரண்டு பருவங்கள்

"ராத்திரியில் யார் பாப்பா விழித்திருப்பார்கள்?"

2018 ஏப்ரலில், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு, கொடைக்கானல் பக்கம், பழனி மலைத்தொடரில் உள்ள ஒரு பருவப் பள்ளிக்கு, அதாவது ஒரு பருவம் மட்டும் தங்கிப் படிக்கும் பள்ளிக்கு, விண்ணப்பம் எழுதி அப்பாவிடம் கொடுத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். அவர் பயப்பட்டதில் நியாயம் இருந்தது. அந்த ஆண்டு மார்ச் 11 அன்றுதான் பக்கத்துத் தேனி மாவட்டத்தில், குரங்கணி மலையில், நடைபயணம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்தார்கள். எங்கள் தெருவில் எல்லாரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவுக்கு ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் கமிஷன் கடை. பூம்பாறை, கவுஞ்சி, மன்னவனூர் என்ற மலையூர்ப் பெயர்களெல்லாம் பூண்டு மூட்டையோடும் கேரட் மூட்டையோடும்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தன. விடிவதற்குள் லாரி இறங்கிவிடும். அந்த ஊர்களை நாங்கள் யாரும் பார்த்தது கிடையாது. அங்கே போய்ப் பதினெட்டு வாரம் தங்கி, விறகு பிளந்து, சமைத்து, காட்டிலேயே உயிரியலும் வரலாறும் படிப்பது என்றால் அப்பாவுக்கு எப்படிப் புரியும்? இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்து மலைப் பண்ணை ஒன்றில் 1984 முதல் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பருவம் தங்கிப் படிக்கிறார்கள் என்றும், அதற்கும் முன்பே 1941இல் வேல்ஸ் கடற்கரையில் குர்ட் ஹான் என்ற கல்வியாளர் இளைஞர்களைக் கடலிலும் மலையிலும் பழக்குகிற பள்ளியைத் தொடங்கினார் என்றும் படித்ததைச் சொன்னேன். "அதெல்லாம் சரி. ராத்திரியில் யார்?" என்றார் மறுபடியும். ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றேன். அந்தப் பதிலுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கே அப்போது தெரியாது.

முதல் தடை வீட்டில் இல்லை, வருகைப்பதிவில் இருந்தது. மத்தியப் பாடத்திட்டத்தில் 75 விழுக்காடு வருகை வேண்டும். நாலு மாதம் விடுப்பு கேட்டால் எந்தப் பள்ளியும் சம்மதிக்காது. ஆகவே தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதிவு செய்தோம். ஐந்து பாடம் எடுத்தால் போதும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் தேர்வு உண்டு. பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும், அதற்குள் ஒன்பது முறை எழுதலாம். இதை அட்டவணையாக எழுதி அப்பாவின் கல்லாப்பெட்டி மேல் ஒட்டினேன். நான் படித்த பள்ளி மாற்றுச் சான்றிதழைத் தராமல் ஐந்து வாரம் இழுத்தடித்தது. வாரம் இருமுறை போய் நின்று வாங்கினோம். இந்த வழியில் போக நினைப்பவர்கள் சான்றிதழை முதலில் கையில் வாங்கிவிடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

ஜூலை நடுவில் போய்ச் சேர்ந்தேன். பதினாறு மாணவர்கள், ஏழு ஆசிரியர்கள். ஆசிரியர்களை அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிட வேண்டும். கைப்பேசியை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். ஞாயிறு மாலை பத்து நிமிடம், அலுவலகத் தொலைபேசியில் வீட்டுக்குப் பேசலாம்.

முதல் மூன்று வாரத்தைப் பற்றி உண்மையைச் சொன்னால், குளிரும் ஈரமும்தான் நினைவில் இருக்கின்றன. நான் கொண்டுபோன இரண்டு ஜீன்ஸும் மூன்று நாளாகியும் காயவில்லை. கம்பளிக் காலுறை நான்கு ஜோடி கொண்டு போங்கள், ஜீன்ஸ் ஒன்றுகூட வேண்டாம். சோலைக்குள் கால் வைத்தால் அட்டை ஏறும். சோப்பைத் தண்ணீர் விட்டுக் குழைத்துக் காலுறை மேல் தடவிக்கொண்டால் ஓரளவு தப்பலாம். வேலை வாரமுறை: அடுக்களை, விறகு, தண்ணீர், கழிப்பறை. எனக்கு முதலில் வந்தது விறகு. சீகை என்பது வெளிநாட்டிலிருந்து வந்து மலையெங்கும் பரவிவிட்ட வாட்டில் மரம். அதன் கட்டையைப் பிளக்க, பூம்பாறையிலிருந்து வந்திருந்த ஒரு பையன்தான் கற்றுக்கொடுத்தான். கோடரியை ஓங்குவதில் ஒன்றுமில்லை, கட்டையில் எங்கே வெடிப்பு ஓடுகிறது என்று பார்ப்பதுதான் வேலை என்றான். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு என்று அந்தப் பருவத்தில் கட்டணமில்லாத இடங்கள் இரண்டு இருந்தன. அதில் ஒன்று அவனுடையது.

பாடங்கள் நன்றாக இருந்தன. 1:50,000 நில அளவை வரைபடத்தைத் தரையில் விரித்து, இருபது மீட்டருக்கு ஒரு கோடாக மலை எப்படித் தாளில் படுக்கிறது என்று படித்த நாளில்தான் கணிதத்தின் மீது எனக்கு ஆசை வந்தது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குப் போய், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் எவர்ஷெட் கண்டறிந்த கதையைக் கேட்டோம். தாண்டிக்குடியில் பெருங்கற்காலக் கல்திட்டைகளைப் பார்த்தோம். செப்டம்பரில் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரை வரை இறங்கினோம். மலைச்சாலை வருவதற்கு முன்பு இப்படிப்பட்ட தடங்களில்தான் ஆட்கள் சுமையோடு ஏறினார்கள். வெள்ளைக்காரர்களை டோலியில் தூக்கி வந்தார்கள். வெள்ளகவிக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை, ஊரே கோயில் மாதிரி. காலணியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, ஈரக் கல்லில் வெறுங்காலோடு நடந்தோம். என் முதுகுப்பையில் பதினோரு கிலோ இருந்தது. முழங்கால் ஒரு வாரம் வலித்தது.

அதற்கு முன், ஆகஸ்ட் கடைசியில், தனியிருப்பு. எல்லாரும் அதைப் பற்றித்தான் கேட்பார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பள்ளியின் பட்டா நிலத்து மேல்விளிம்பில், ஒருவர் கண்ணுக்கு இன்னொருவர் தெரியாத தூரத்தில், ஆளுக்கு ஒரு தார்ப்பாய், கயிறு, உறக்கப்பை, கடலை மிட்டாய், தண்ணீர், ஊதல், நோட்டு. முப்பத்தாறு மணி நேரம். புத்தகம் கிடையாது, கடிகாரமும் கிடையாது. காலையிலும் மாலையிலும் குறிப்பிட்ட பாறையில் ஒரு கல்லை வைக்க வேண்டும். நாம் திரும்பி வந்த பிறகு ஓர் ஆசிரியர் வந்து பார்த்து, பக்கத்தில் இன்னொரு கல்லை வைத்துவிட்டுப் போவார். முகம் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது.

2018 குறிஞ்சி பூத்த ஆண்டு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதை உதிர்த்து, செடி பட்டுப்போகும். என் இடத்துக்கு எதிர்ச்சரிவில் நீலம் திட்டுத் திட்டாகக் கிடந்தது. காலையில் மூடுபனி விலகும்போது தேனீக்களின் இரைச்சல் முதலில் கேட்கும், பூ அப்புறம்தான் தெரியும். பகல் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இரவில் அழுதேன். பயத்தால் என்று நினைத்தேன். எங்கோ ஒரு காட்டுமாடு மூச்சு விடுவது கேட்டது. ஆனால் அது நகர்ந்து போன பிறகும் அழுகை நிற்கவில்லை. அம்மா இறந்த பிறகு அப்படித் தடையில்லாமல் நான் அழுதது அன்றுதான். விடிந்ததும் பாறைக்குப் போனேன். நேற்று மாலை நான் வைத்த கல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு கல் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தேன்.

பருவம் நவம்பர் 18 அன்று முடிய வேண்டும். 15ஆம் தேதி மதியம், பிரிவு விருந்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, எல்லாரும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கல்கட்டிட அடுக்களைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். விருந்து ரத்து. நாங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டோம். மறுநாள் அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து, திண்டுக்கல் வழியாக எங்கள் மலைக்கு வந்தது. காற்று ஊளையிட்டது என்று எழுதுவார்கள். எனக்குக் கேட்டது லாரி லாரியாகச் சரளை கொட்டுகிற சத்தம். மழை சற்று விட்டபோது வெளியே பார்த்தோம். பெண்கள் தங்கும் கொட்டகையின் தகரக் கூரை மேல் ஒரு சீகை மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. சீகைக்கு ஆழமான வேர் இல்லை. கீழே ஓடைக்கரைச் சோலையில் கிளைகள் முறிந்திருந்தன, மரங்கள் நின்றன. என் கட்டில் இருந்த மூலையை நான் நீண்ட நேரம் பார்க்கவில்லை.

மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. ஊர்க்காரர்கள் அரிவாளும் ரம்பமுமாக இறங்கிச் சாலையில் விழுந்த மரங்களை அறுத்தார்கள். நாங்களும் போய்க் கிளைகளை இழுத்துப் போட்டோம். நான்காம் நாள், கேரட் ஏற்ற வந்த முதல் லாரியில் ஓட்டுநர் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். வாழ்நாளில் முதன்முறையாக மன்னவனூர் சாலையைப் பார்த்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அடுக்களை அம்மா கொடுத்த சுக்குக் காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு, எங்களோடு சேர்ந்து கிளை இழுத்தார்.

கல்லூரி முடித்து, 2024 ஜூனில் அதே பள்ளிக்கு உதவி ஆசிரியராகத் திரும்பினேன். மாணவர் வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆசிரியர் பக்கத்தைப் பற்றிச் சொல்வார் குறைவு.

அந்த வேலையில் பாதி, தாள். குரங்கணிக்குப் பிறகு மலைநடை விதிகள் இறுகிவிட்டன. காப்புக்காட்டுக்குள் போகும் ஒவ்வொரு தடத்துக்கும் வன அனுமதி வேண்டும். யார், எத்தனை பேர், எந்த வழி, எந்த இரவு எங்கே என்று முன்னதாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த விதி வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். எழுதும்போதுதான் எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியும் என்று யோசிக்கிறோம். அந்த ஆண்டு மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயமாகியிருந்தது, பெற்றோரை அதற்குப் பதிவு செய்ய வைப்பதும் எங்கள் தலையில் விழுந்தது. சம்பளம் குறைவு. பத்து நாளுக்கு ஒரு நாள் விடுப்பு. முதலுதவிப் பயிற்சியும் வாகன உரிமமும் இல்லாமல் வராதீர்கள்.

மீதிப் பாதி, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. மழையில் ஒரு பையன் தார்ப்பாய்க் கயிற்றைத் தவறாகக் கட்டுகிறான். இரவில் தண்ணீர் தேங்கி அவன் மேல்தான் கொட்டும் என்று தெரியும். உடம்புக்கு ஆபத்து இல்லையென்றால் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு இதைவிடக் கடினமான வேலை வாய்த்ததில்லை.

தனியிருப்பு நாளில்தான் அந்தக் கற்களின் மறுபக்கம் தெரிந்தது. நாளுக்கு இருமுறை யாரோ வந்து போவார்கள் என்று மாணவியாக நினைத்திருந்தேன். உண்மையில் இரவு முழுவதும், நான்கு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், நூறு அடி தூரத்தில் விளக்கில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். மாலை ஆறு மணிக்கு நான் என் நான்கு பாறைகளையும் சுற்றினேன். மூன்றில் கல் இருந்தது. நான்காவதில் இல்லை. அரை மணி நேரம் பொறுக்க வேண்டும், பிறகு நேரில் போக வேண்டும் என்பது விதி. மூடுபனி இறங்கிவிட்டது. அந்த அரை மணி நேரத்தில் நான் அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 6.30க்குப் போனேன். அந்தப் பெண் தார்ப்பாய்க்குள் சம்மணமிட்டுக் கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தாள். "வைத்துவிட்டேனே அக்கா," என்று கை காட்டினாள். பனியில் வேறொரு பாறையில் வைத்திருக்கிறாள். அதன் பக்கத்தில் என் கல்லை வைத்துவிட்டுத் திரும்பினேன். கால் நடுங்கியது.

அந்த வாரம் அலுவலக அலமாரியில் பழைய இரவுப் பதிவேடுகளைத் தேடினேன். 2018 நவம்பர் 15, 16 ஒரே பக்கத்தில் இருந்தது. மணிக்கு ஒருமுறை ஒரு வரி. ஏழு பேரின் ஏழு விதக் கையெழுத்து. "12.00, எண்ணியாயிற்று, 16." "1.00, எண்ணியாயிற்று, 16." "2.00, ஒரு பெண் கழிப்பறை, கூடப் போனேன், திரும்பினோம், 16." விடியும்வரை அப்படியே. அந்த இரண்டு மணிப் பெண் நான்தான். தொலைபேசியில் அப்பாவுக்கு அந்தப் பக்கம் முழுவதையும் படித்துக் காட்டினேன். அவர் கடைசி வரிவரை கேட்டார். "ஏழு பேருமா?" என்றார்.

எனக்கு ஆறாத குறை ஒன்று இருக்கிறது. கட்டணம் அதிகம். இந்த மலையின் பிள்ளைகளுக்குப் பதினாறில் இரண்டு இடம் என்பது போதாது. பாதியாவது வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன். மலையை இங்கேயே பிறந்தவர்களிடம்தான் மற்றவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். எனக்குக் கோடரி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் பெற்றது இலவச இடம், நான் பெற்றது அவன் அறிவு. இந்த ஆண்டு இரண்டை நான்காக்கச் சம்மதித்திருக்கிறார்கள்.

என் பழைய தனியிருப்பு இடத்தில் 2018 விதையில் முளைத்த குறிஞ்சி இப்போது முழங்கால் உயரம். 2030க்கு இன்னும் காலம் இருக்கிறது. நடுவில் சீகைக் கன்றுகளும் முளைத்திருந்தன. மாணவர்களோடு ஒரு பிற்பகல் முழுவதும் அவற்றைப் பிடுங்கினோம்.

பருவம் முடிந்து பிள்ளைகள் போன மறுநாள், உறக்கப்பைகளை வெயிலில் காயப்போட்டோம், ஊதல்களை எண்ணினோம். பதினாறில் ஒன்று குறைந்தது. மாலையில் அடுத்த பருவத்தின் வெள்ளகவி நடைக்கு அனுமதி விண்ணப்பம் எழுத உட்கார்ந்தோம். இரவுத் தங்கல் என்ற கட்டத்தில், விழித்திருப்பவர் பெயரை எழுதும் வரிசையில், முதலில் என் பெயரை எழுதினேன்.