கனசாவாவில் ஒரு பள்ளம்

கனசாவாக்காரர்களிடம் ஒரு பழமொழி உண்டு: மதியச் சாப்பாட்டை மறந்தாலும் குடையை மறக்காதே. தோக்கியோவில் ஷிங்கன்சென் என்ற அதிவேக ரயிலில் ஏறும்போதே மகள் இதைச் சொன்னாள். இரண்டரை மணி நேரம் கழித்து கனசாவா நிலையத்தில் இறங்கியபோது என் கையில் இட்லிப் பொட்டலம் பத்திரமாக இருந்தது. குடை அவள் வீட்டுக் கதவுப் பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நாங்கள் வந்தது கென்ரோகுஎன் தோட்டத்தைப் பார்க்க. நவம்பரில் அங்கே யுகிசுரி கட்டுவார்கள். வரப்போகும் பனியின் கனத்தில் பைன் மரக் கிளைகள் ஒடிந்துவிடக் கூடாதே என்று, மரத்தையொட்டி உயரமான கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து கிளைகளுக்குக் கயிறு இழுத்துக் கட்டும் வேலை அது. தூரத்திலிருந்து பார்த்தால் துணி போர்த்தாத குடைக் கம்பிகள்போல இருக்கும். அந்த ஊரில் மரத்துக்குக்கூடக் குடை இருந்தது, எங்களுக்கு இல்லை. அரை மணி நேரத்தில் தொப்பலாக நனைந்து, சாலையைக் கடந்து, எதிரே தெரிந்த கண்ணாடிக் கட்டடத்துக்குள் ஓடினோம்.

அதுதான் கனசாவாவின் 21ஆம் நூற்றாண்டு தற்காலக் கலை அருங்காட்சியகம். பெயர் நீளம் என்பதால் ஊரார் ‘மருபி’ என்று சுருக்கிவிட்டார்கள். ‘மரு’ என்றால் வட்டம். கட்டடமும் வட்டம்தான், விட்டம் 112.5 மீட்டர். கசுயோ செஜிமா, ரியூவே நிஷிசாவா என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்து, 2004 அக்டோபர் 9 அன்று திறக்கப்பட்டது. சுற்றுச்சுவர் முழுவதும் கண்ணாடி. முகப்பு என்றோ கொல்லைப்புறம் என்றோ எதுவும் கிடையாது, நாலாபுறமும் வாசல். மழையில் ஓடி வருகிறவனுக்கு இதைவிட வசதியான அமைப்பு வேறில்லை. இதே மனையில் முன்பு கனசாவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பள்ளிகள் இருந்தன என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இங்கே என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியன். ஊரில் டிராயிங் மாஸ்டர் என்றால்தான் தெரியும். முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளியில் சுண்ணாம்புக் கட்டியோடு நின்றவன். தற்காலக் கலை என்றாலே எனக்கு ஒரு மனக்கசப்பு. சுவரில் வாழைப்பழத்தை நாடாவால் ஒட்டிவைத்து அதை லட்சக்கணக்கான டாலருக்கு விற்ற செய்தியைப் படித்த நாளிலிருந்து அது கூடியே இருக்கிறது. எனவே உடம்பு காயும்வரை இலவசப் பகுதியிலேயே உட்கார்ந்துவிட்டுக் கிளம்பலாம் என்று மகளிடம் சொன்னேன். காலை 9 மணி முதல் இரவு 10 வரை டிக்கெட் இல்லாமல் யார் வேண்டுமானாலும் நடமாடலாம் என்ற அளவுக்கு அங்கே பொது இடம் இருக்கிறது.

உட்கார இடம் தேடிப் போனால், அந்த அறைக்குள்ளும் மழை பெய்துகொண்டிருந்தது. ஜேம்ஸ் டரெல் என்ற அமெரிக்கக் கலைஞரின் அறை அது. உயரமான சதுர அறை, கூரை நடுவில் பெரிய சதுரத் திறப்பு, சுவரோரம் கல் இருக்கைகள். அவ்வளவுதான். நடுத் தரையில் மழை விழுகிறது. சுற்றிலும் ஆட்கள் நனையாமல் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறார்கள். எனக்குப் பாட்டி வீட்டு முற்றம் நினைவுக்கு வந்தது. மழை நாளில் தாழ்வாரத்துத் திண்ணையில் உட்கார்ந்து முற்றத்தில் குமிழி விடுவதை எண்ணுவோமே, அதேதான். ‘இதற்கெல்லாம் ஒரு கலைஞரா’ என்று வாய்வரை வந்தது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன், இருபது நிமிடம் போயிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு பள்ளியின் நான்காம் வகுப்பு முழுவதும். ஆனால் வரிசை இல்லை. ஐந்தாறு பேராகச் சின்னச் சின்னக் குழுக்கள். ஒவ்வொன்றுடனும் ஒரு பெரியவர். ஆசிரியர்கள் எங்கோ பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். பழக்கதோஷம், நான் எழுந்துவிட்டேன். “டிக்கெட் வாங்கம்மா” என்றேன். மகள் சிரித்தபடி வாங்கிவந்தாள்.

அந்தக் குழுக்களில் ஒன்றின் பின்னால், திருடனைப்போலக் கொஞ்சம் இடைவெளி விட்டு நடந்தோம். நரைத்த தலையோடு ஓர் அம்மாள் அதை அழைத்துப் போனார். அனிஷ் கபூரின் அறைக்குள் நுழைந்தார்கள். மும்பையில் பிறந்து லண்டனில் வாழும் சிற்பி அவர். உள்ளே ஒரே ஒரு சாய்ந்த கான்கிரீட் சுவர். அதில் முட்டை வடிவத்தில் ஆளை விழுங்கும் அளவுக்கு ஒரு கறுப்பு. வேறொன்றும் இல்லை.

அந்த அம்மாள் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. குந்தி உட்கார்ந்து, “என்ன தெரிகிறது?” என்று மட்டும் கேட்டார். மகள் என் காதில் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தாள்.

“ஓட்டை” என்றான் ஒருவன்.

“இல்லை, கறுப்புப் பெயின்ட்” என்றாள் ஒரு சிறுமி.

“எதை வைத்துச் சொல்கிறாய்?”

சிறுமி பதில் சொல்லாமல் தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தாள். பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தாள். “இப்போது வெளியே புடைத்துக்கொண்டு இருக்கிறது” என்றாள். உடனே ஐந்து பேரும் குனிந்தார்கள். ஒருவன், “அதில் விழுந்தால் எங்கே போவோம்?” என்று கேட்டான். “நீ எங்கே போவாய்?” என்றார் அந்த அம்மாள். “பிரேசில்!” என்றான். ஜப்பானியப் பிள்ளைகளுக்குப் பூமியைத் துளைத்துக்கொண்டு போனால் மறுபக்கம் பிரேசில்தான் என்று மகள் சொன்னாள்.

கடைசிவரை அது பள்ளமா, பூச்சா, புடைப்பா என்று அவர் சொல்லவே இல்லை. அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். எனக்கு நாக்கு அரித்தது. நானாக இருந்தால் நிறமி ஒளியை விழுங்குவது, நிழல் இல்லாவிட்டால் கண்ணுக்கு ஆழம் தெரியாமல் போவது என்று பத்து நிமிடம் பாடம் எடுத்திருப்பேன். பிள்ளைகளும் தலையாட்டியிருப்பார்கள். யாரும் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இது ‘மியூசியம் குரூஸ்’ என்ற திட்டம். கனசாவா நகரத்தின் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரையும் ஒவ்வோர் ஆண்டும் இங்கே அழைக்கிறார்கள். ஓவியப் போட்டியில் பரிசு வாங்கியவர்களை மட்டும் அல்ல, விருப்பம் உள்ளவர் கை தூக்குங்கள் என்றும் அல்ல, எல்லோரையும். குழுக்களோடு நடக்கும் பெரியவர்கள் சம்பளக்காரர்கள் இல்லை, அதே ஊர்த் தன்னார்வலர்கள். தொடங்கிவைத்தவர் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் யுதாகா மினோ. சிகாகோ கலைக்கூடத்தில் ஆசியக் கலைப் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். திறந்த உடனேயே, முதல் கல்வியாண்டு முடிவதற்குள், நகரத்தின் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி மாணவர்கள் சுமார் 40,000 பேரை இலவசமாக அழைத்துக் காட்டியிருக்கிறார்கள். அன்று பத்து வயதில் வந்தவர்களுக்கு இன்று முப்பது ஆகியிருக்கும். பஸ்ஸில் எனக்கு வழி சொன்ன இளைஞன் அவர்களில் ஒருவனாக இருந்திருக்கலாம்.

நான் மெச்சியது எண்ணிக்கையை அல்ல, ஒரு துண்டுச் சீட்டை. பார்த்துவிட்டுத் திரும்பும் பிள்ளைகளின் கையில் ‘இன்னொரு முறை’ டிக்கெட் என்று ஒன்றைக் கொடுத்தனுப்புகிறார்கள். அதை வைத்துக்கொண்டு பிள்ளை மறுபடி இலவசமாக வரலாம். பத்து வயதுப் பிள்ளை தனியாகவா வரும்? அப்பாவையோ அம்மாவையோ இழுத்துக்கொண்டு வரும். அவர்கள் டிக்கெட் வாங்கித்தான் ஆக வேண்டும்! அருங்காட்சியகக் கலையில் நான் பார்த்த ஆகச் சிறந்த படைப்பு இதுதான் என்றேன் மகளிடம். “அப்பா, இது வியாபாரம்” என்றாள். வியாபாரமும்தான், அதில் என்ன தப்பு?

நானும் ஒருமுறை பிள்ளைகளைப் பட்டணத்தில் ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போயிருக்கிறேன். எழுபது பிள்ளைகள், நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் நான் பேசியவை மூன்றே வாக்கியங்கள்: தொடாதே, பேசாதே, வரிசையை விட்டு விலகாதே. திரும்பும்போது பஸ்ஸில், என்ன பிடித்தது என்று கேட்டதற்கு ஒரு பையன், “அங்கே வெளியே விற்ற ஐஸ் சார்” என்றான். அப்போது கோபம் வந்தது. உள்ளே அவனுக்கு நான் எதையும் விட்டுவைக்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. பள்ளியிலும் என் கதை அப்படித்தான். டிராயிங் பீரியட் என்பது கணக்கு வாத்தியாருக்குக் கொடுக்கும் வட்டியில்லாக் கடன். திரும்பி வந்ததே இல்லை. எப்போதாவது எனக்குக் கிடைத்த பீரியடில் ‘உங்கள் விருப்பம்போல வரையுங்கள்’ என்பேன். அறுபது நோட்டிலும் ஒரே படம் வரும்: இரண்டு மலை, நடுவே பாதிச் சூரியன், ஒரு ஆறு, ஒரு தென்னை, ஒரு குடிசை. மலையே இல்லாத ஊர் எங்களுடையது.

மதியத்துக்கு மேல் மழை விட்டது. இட்லியை வெளியே ஒரு மரத்தடிப் பெஞ்சில் முடித்துவிட்டு நீச்சல் குளத்தைப் பார்த்தோம். அர்ஜென்டினாக்காரர் லியாண்ட்ரோ எர்லிக் செய்தது. இந்த ஊருக்கு வருகிற பாதிப் பேர் படம் எடுத்துக்கொள்வது அதில்தான். மேலே இருந்து பார்த்தால் நிறைந்த குளம். உண்மையில் கண்ணாடித் தட்டின் மேல் பத்து சென்டிமீட்டர் தண்ணீர்தான். அடியில் நீல அறை. அங்கே உடை நனையாமல் ஆட்கள் நிற்கிறார்கள். தந்திரம் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். எனக்கு அதற்கு மேல் அதில் ஒன்றும் தோன்றவில்லை, சொல்லிவிடுகிறேன். மகளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

புல்வெளிச் சமாச்சாரம் வேறு. ஃப்ளோரியான் கிளார் என்பவர் பன்னிரண்டு குழாய்களை நட்டுவைத்திருக்கிறார், ட்யூபா வாத்தியத்தின் வாய்போல விரிந்தவை. நிலத்துக்கு அடியில் அவை இரண்டிரண்டாக இணைந்திருக்கின்றன. ஆனால் பக்கத்தில் இருப்பதுதான் ஜோடி என்று நம்பக் கூடாது. நான் ஒன்றில் வாயை வைத்து, “என்னம்மா, கேட்கிறதா?” என்றேன். பக்கத்துக் குழாயில் காதை வைத்திருந்த மகள் உதட்டைப் பிதுக்கினாள். என் குழாய்க்குள்ளிருந்து ஒரு குழந்தைக் குரல் ஏதோ கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், புல்வெளியின் கோடியில் ஒரு வாண்டு, குழாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறது. நான் தமிழிலேயே நலம் விசாரித்தேன். அதுவும் விடாமல் பதில் சொன்னது. இரண்டு நிமிடம் பேசியிருப்போம்.

அன்று இரவு விடுதியில் மகள் 2024 ஜனவரி 1 நிலநடுக்கத்தைப் பற்றிச் சொன்னாள். கனசாவாவுக்கு வடக்கே உள்ள நோட்டோ தீபகற்பத்தைச் சிதைத்த அந்த அதிர்ச்சியில் இங்கே காட்சி அறைகளின் கண்ணாடிக் கூரைப் பலகைகள் சில கழன்று விழுந்தன. டிக்கெட் வாங்கிப் பார்க்கும் பகுதியை மூடிச் சரிசெய்து, ஜூன் 22 அன்றுதான் மீண்டும் முழுமையாகத் திறந்தார்கள். பகலில் பார்த்த கூரை அது என்று அறிந்திருந்தால் இன்னும் ஒருமுறை அண்ணாந்திருப்பேன்.

மறுநாள் சனிக்கிழமை. தோட்டத்துக்குப் போவதாகத்தான் பேச்சு. நான் மருபிக்குப் போகலாம் என்றதும் மகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். போனோம். கட்டடத்துக்குள் பிள்ளைகளுக்கென்றே ஒரு கைவேலைக் கூடம் உண்டு. உள்ளே நாலைந்து குடும்பங்கள். அட்டை, கயிறு, காகிதம் சிதறிக் கிடக்க, அப்பாக்கள் முட்டி போட்டு எதையோ ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். கலை நூல்கள் நிறைந்த நூலகமும் இலவசம்தான். அங்கே ஒரு முதியவர் புத்தகத்தை விரித்தபடி அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். நூலகம் நன்றாக நடக்கிறது என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மகளை அங்கே விட்டுவிட்டு மறுபடி கபூரின் அறைக்குப் போனேன். ஒரு சிறுவன் தாத்தாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து சுவருக்கு முன்னால் நிறுத்தினான். படபடவென்று ஏதோ சொன்னான். நேற்று வந்தவனா, போன மாதம் வந்தவனா தெரியாது. ஆனால் வந்து பார்த்தவன் என்பது அந்த மிடுக்கிலேயே தெரிந்தது. சொல்லிவிட்டு, தாத்தாவை அப்படியே விட்டுவிட்டு அடுத்த அறைக்கு ஓடிவிட்டான்.

நானும் அந்தத் தாத்தாவும் மட்டும். அவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், உள்ளங்கையைக் குழித்துக் காட்டி என்னவோ கேட்டார். நான் தலையை ஆட்டி மறுத்து, கையைக் கவிழ்த்துப் புடைப்பாகக் காட்டினேன். அவர் நம்பவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தார். என் இடுப்பு அதற்கு ஒத்துழைக்காது என்று தெரிந்தும் நானும் குனிந்தேன். வாசலில் நின்ற காவலர் எங்களைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் மறுபடியும் உள்ளங்கையைக் குழித்தார்.