எதை நிறுத்துவது?

உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்த பிறகுதான், வியூக மேலாண்மையைச் சிறப்புப் பாடமாக எடுத்து எம்.பி.ஏ. சேர்ந்தேன். வார இறுதி வகுப்பு. சனியும் ஞாயிறும் அதற்கே போய்விடும். மற்ற நாட்களில் ஷிஃப்ட் முடிந்து வந்து, இருபது பக்கக் கேஸ் ஒன்றை, அதாவது ஒரு கம்பெனியின் நிஜ அனுபவத்தை அலசும் பாடத்தை, படித்தாக வேண்டும். கணக்கியலும் நிதியும் உழைத்தால் வசப்படுகிற பாடங்கள். வியூகம் அப்படி இல்லை. படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். வகுப்பில் எழுந்து பேசினால் பாதியில் வார்த்தை நின்றுவிடும்.

முதல் பருவத்தில் ஹார்வர்ட் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1979இல் எழுதிய ஐந்து விசைகள் கட்டுரையைப் படித்தோம். ஒரு தொழிலில் லாபம் தங்குமா என்பது போட்டியாளரை மட்டும் பொறுத்ததல்ல. வாங்குபவர், மூலப்பொருள் தருபவர், புதிதாக நுழையக்கூடியவர், மாற்றுப் பொருள் எல்லாம் அதில் பங்கு கேட்கின்றன என்கிறது அது. படித்த வேகத்தில் எங்கள் கம்பெனிக்கு அதைப் பொருத்தி, பதினாறு ஸ்லைடு போட்டு, மாதாந்திரக் கூட்டத்தில் காட்டினேன். பொது மேலாளர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "சரிப்பா, திங்கட்கிழமை காலையில இருந்து நாம எதை நிறுத்தணும்?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

போர்ட்டரே 1996இல் கிட்டத்தட்ட இதைத்தான் எழுதியிருக்கிறார் என்று பிறகு படித்தேன். எல்லோரும் செய்வதை இன்னும் நன்றாகச் செய்வது திறமை. எதைச் செய்யப்போவதில்லை என்று முடிவெடுப்பதில்தான் வியூகம் இருக்கிறது என்பது அவர் வாதம். ஆனால் எனக்கு உறைத்தது இன்டெல் கேஸ்தான். 1968இல் நினைவகச் சிப் செய்வதற்காகத் தொடங்கிய கம்பெனி அது. 1980களில் ஜப்பானியப் போட்டியில் அந்தத் தொழில் நஷ்டமாக, 1985இல் டிராம் என்ற நினைவகச் சிப்பை விட்டுவிட்டு, கணினியின் மூளையான மைக்ரோபிராசசர் பக்கம் திரும்பியது. இன்டெலை நடத்திய ஆண்டி குரோவ், கார்டன் மூர் இருவரும் பேசி எடுத்த முடிவாகத்தான் இந்தக் கதையைப் பெரும்பாலும் சொல்வார்கள். ராபர்ட் பர்கல்மன் என்ற ஆய்வாளர் உள்ளே போய்ப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. எந்தச் சிப் அதிக லாபம் தருகிறதோ அதற்கே ஆலையின் திறனை ஒதுக்குவது என்ற விதியின்படி, திட்டமிடுபவர்கள் ஏற்கெனவே பல வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக மைக்ரோபிராசசர் பக்கம் நகர்ந்திருந்தார்கள். மேலே முடிவு வருவதற்கு முன்பே கீழே பாதி வேலை நடந்துவிட்டது.

திட்டமிடுபவர்கள் என்றால் என்னைப் போன்றவர்கள். அந்த ஒரு பத்தியை நான்கு முறை படித்தேன்.

மறுநாள் காலை மெஷின் ஷாப்பில், ஒவ்வொரு ஆர்டருக்கும் மெஷினை மாற்றி அமைக்கும் மூத்த செட்டரிடம் போனேன். அவரிடம் நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்று உண்டு. அட்டை முழுக்க எண்ணெய்க் கறை, ஓரமெல்லாம் சுருண்டிருக்கும். ஒவ்வொரு செட்டிங் மாற்றமும் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது முதல் பீஸ் சரியாக வந்தது, எந்த ஆர்டருக்காக மாற்றினார்கள் என்று பென்சிலில் எழுதியிருந்தார். "இதை யாரும் கேட்டதில்ல சார். எனக்குத் தெரியணும்னு எழுதி வச்சேன்" என்றார். எட்டு மாதப் பக்கங்களை மூன்று வாரம் உட்கார்ந்து எக்செலில் ஏற்றினேன்.

பெரிய வாடிக்கையாளருக்கே முன்னுரிமை என்று எங்கள் வருடாந்திரத் திட்டத்தில் எழுதியிருந்தது. நோட்டோ வேறு சொன்னது. செட்டிங்குக்குப் போன நேரத்தில் பத்தில் நான்கு பங்கு, ஐம்பது பீஸுக்கும் குறைவான அவசர ஆர்டர்களுக்குப் போயிருந்தது. அவற்றை வரிசையில் முன்னால் நகர்த்தியது வேறு யாருமில்லை, நான்தான். போன் வரும், அவசரம் என்பார்கள், நகர்த்திவிடுவேன். ஒன்பது வருடமாக எங்கள் வியூகத்தை என் மேஜையிலிருந்து நானும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்த முறை ஒரே ஒரு பக்கம்தான் எடுத்துப் போனேன். விற்பனை மேலாளர் கடுமையாக எதிர்த்தார். இன்றைய பெரிய வாடிக்கையாளர் ஒருவர் முப்பது பீஸ் ஆர்டரோடுதான் உள்ளே வந்தார் என்றார். அது உண்மை. அதற்கு இன்றைக்கும் என்னிடம் முழுமையான பதில் கிடையாது. இரண்டு மணி நேரம் பேசி, தனிச் செட்டிங் தேவைப்படும் சிறு ஆர்டர்களை மட்டும் நிறுத்துவது என்று முடிவானது.

வேலை பார்க்காமல் நேரடியாக இந்தப் படிப்புக்கு வரலாமா என்று இளையவர்கள் கேட்கும்போது, நான்கைந்து வருடம் போகட்டும் என்பேன். திறந்து பார்க்க அந்த மாதிரி ஒரு நோட்டு அவர்களுக்கும் வேண்டும்.

முடிவை வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் போன், ஏழு வருடமாக எங்களிடம் வாங்கியவருக்கு. சொல்லி முடித்ததும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "வேற யார் செய்வாங்கன்னு சொல்லுங்க தம்பி" என்றார். எனக்குத் தெரிந்த இரண்டு பட்டறைகளின் எண்ணைக் கொடுத்தேன். அவர் எழுதிக்கொண்டு, திரும்பப் படித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் போனை வைத்தார்.