சோங்சிங்கில் தரைத்தளம் எங்கே இருக்கு?

விடுதிக்கு இன்னும் 40 மீட்டர்தான் என்கிறது கைபேசி. நீல அம்பு நேராக ஒரு சுவரைக் காட்டுகிறது. காம்பவுண்டுச் சுவர் இல்லை, அண்ணாந்து பார்த்தால் தொப்பி விழுகிற பாறைச் சுவர். அதன் உச்சியில் ஒரு தெரு, தெருவில் பேருந்து, பேருந்துக்குப் பின்னால் விடுதியின் பெயர்ப் பலகை. 40 மீட்டர் என்பது சுத்தமான உண்மை. அது மேல்நோக்கி என்பதை மட்டும் கைபேசி விட்டுவிட்டது.

சீனாவின் தென்மேற்கில் யாங்சியும் ஜியாலிங்கும் கூடுகிற இடத்தில் இருக்கிறது சோங்சிங். நகரத்தின் பழைய நடுப்பகுதி, இரண்டு ஆறுகளும் மூன்று பக்கம் வளைத்துக்கொண்ட ஒரு பாறைத் தீபகற்பம். சமதளம் என்று காட்ட ஒரு முழம் இடம் கிடையாது. அதனால் கட்டடங்களைச் சரிவில் சாய்த்து வைத்து, கீழ்த்தெருவுக்கு ஒரு வாசல், மேல்தெருவுக்கு ஒரு வாசல் என்று விட்டார்கள். ஊர்க்காரர்களே 'மேல்பாதி நகரம்', 'கீழ்பாதி நகரம்' என்று பிரித்துத்தான் பேசுகிறார்கள். வழி கேட்டால் 'லெஃப்ட்ல போய் ரைட்டு' என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த லிஃப்டில் இத்தனாவது மாடி, அங்கிருந்து பாலம், அப்புறம் படிக்கட்டு என்றுதான் பதில் வரும்.

குய்ஷிங்லோ என்கிற கட்டடத்தின் முன்னால் பெரிய சதுக்கம் ஒன்று இருக்கிறது. சாலையிலிருந்து சாதாரணமாக நடந்து போய் நிற்கலாம். கைப்பிடியைப் பிடித்து எட்டிப் பார்க்கும்போதுதான் வயிறு கலங்கும், நிற்பது 22ஆம் மாடி. பைஷியாங்ஜூ குடியிருப்பு இதற்கும் ஒரு படி மேல். 24 மாடி, லிஃப்ட் கிடையாது. 1, 10, 15 ஆகிய மூன்று மாடிகளிலும் தெருவாசல் இருப்பதால், உச்சி வீட்டுக்காரர் 15இல் நுழைந்து ஒன்பது மாடி ஏறினால் போதும். 'போதும்' என்பது அவர்கள் கணக்கு. இப்போது அங்கே படம் எடுக்க வருகிற கூட்டம் அதிகம். ஆட்கள் குடியிருக்கிற இடம், சத்தம் போடாமல் பார்த்துவிட்டு வருவது நல்லது.

இந்த ஊரில் வரைபடத்தைப் படிக்க ஒரு தந்திரம் உண்டு: தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பாருங்கள். 300 மீட்டருக்கு 15 நிமிடம் என்று காட்டினால் நடுவில் படிக்கட்டு காத்திருக்கிறது. கூகுள் மேப்பை மறந்துவிடலாம். சீனாவில் கூகுளுக்குத் தடை. வெளிநாட்டு சிம் ரோமிங்கில் அது திறந்தாலும், சீன வரைபடங்களுக்கு ஜிசிஜே-02 என்று தனி ஆயத்தொலைவு முறை இருப்பதால் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி விழும். மற்ற ஊரில் பக்கத்துத் தெருவில் நிற்பீர்கள், இங்கே ஆற்றுக்குள் நிற்பீர்கள். ஆமேப் என்கிற உள்ளூர்ச் செயலிக்கு ஆங்கில முகமும் வந்துவிட்டது, அதையே வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் வைத்த பெட்டியோடு வருகிறவர்கள் முதல் நாளே அந்தச் சக்கரம் ஒரு அலங்காரப் பொருள் என்று புரிந்துகொள்வார்கள். முதுகுப் பையே உத்தமம். விடுதி பதிவு செய்யும்போது வரவேற்பு மேசை எந்த மாடியில், எந்தத் தெருவைப் பார்த்து இருக்கிறது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்ஸி இன்னொரு கூத்து. பணம் செலுத்துகிற அலிபே செயலிக்குள்ளேயே தீதி என்கிற டாக்ஸிச் சேவை இருக்கிறது, கூப்பிட்டால் வண்டி வரும். எங்கே வரும் என்பதில்தான் விஷயம். ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று சாலை ஓடுகிற இடத்தில் ஜிபிஎஸ்ஸுக்கு மூன்றும் ஒரே புள்ளி. வண்டி 'வந்து சேர்ந்துவிட்டது' என்று திரை சொல்லும், உங்கள் தலைக்கு மேலே ஹாரன் சத்தம் கேட்கும். இதற்கு ஒரே வழி, மெட்ரோ நிலையத்தின் எண் போட்ட வாசலையோ பெரிய விடுதியின் முகப்பையோ ஏறுமிடமாகப் போடுவது. ஓட்டுநர்களே பிசகுகிற ஊர் இது. ஹுவாங்ஜுவேவான் மேம்பாலச் சந்திப்பில் 5 அடுக்கு, 20 கிளைச்சாலை, 8 திசை. ஒரு வளைவைத் தவறவிட்டால் அந்த வட்டாரத்தை ஓசியில் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் பாலம் உங்களை விடும்.

அலிபேயை ஊரிலிருந்து கிளம்புமுன்பே தயார் செய்துவிடுங்கள். பாஸ்போர்ட் படத்தை ஏற்றி, விசாவோ மாஸ்டர்கார்டோ இணைத்து, வங்கியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட வேண்டும். ஓடிபி ஊர் எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம்மைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு நூடுல்ஸ் கடை வாசலில் விழிப்பது வாடிக்கையான காட்சி. ஒரு தடவைக்கு 200 யுவானுக்கு மேல் போனால் வெளிநாட்டு அட்டைக்கு 3 சதவீதம் கட்டணம் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு அந்தக் கவலை இல்லை, 30 நாள் விசா இல்லாமலே தங்கலாம்.

எல்லாரும் தேடிப் போகிற இடம் லீஸிபா. 19 மாடிக் கட்டடம், அதன் 6 முதல் 8 வரையிலான மாடிகளில் மோனோரயில் நிலையம், ரயில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது. வீட்டை இடித்து ஓட்டை போட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். நிலையத்தையும் கட்டடத்தையும் சேர்த்தே திட்டமிட்டார்கள், ஆனால் தூண்கள் தனித்தனி. ரயிலின் எடை வீட்டின் மேல் இறங்குவதில்லை. ரப்பர் சக்கரம் என்பதால் தடதடப்பும் குறைவு. ஜியேஃபாங்பெய் கடைவீதிக்குப் பக்கத்து லின்ஜியாங்மென் நிலையத்தில் 2ஆம் தடம் ஏறி, வலப்பக்க ஜன்னலைப் பிடித்தால் ஜியாலிங் ஆறு கூடவே வரும். ஐந்தாவது நிறுத்தம். இறங்கிய பிறகு கவனம்: நிலையத்துக்குள் நின்றால் ரயில் கட்டடத்துக்குள் போவது தெரியாது, நீங்களே கட்டடத்துக்குள்தானே இருக்கிறீர்கள். கீழே சாலைக்கு இறங்கினால் பார்வை மேடை உண்டு. அங்கே நூறு பேர் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். பல் மருத்துவ முகாம் இல்லை, ரயில் வாய்க்குள் போவது மாதிரிப் படம் எடுக்கிறார்கள். தாடையைச் சீக்கிரம் திறந்தால் வலிக்கும், ரயில் வளைவில் தலைகாட்டிய பிறகு திறந்தால் போதும்.

காலைச் சாப்பாடு ஷியாவ்மியன். 'சின்ன நூடுல்ஸ்' என்று பொருள், காரம் மட்டும் பெரிசு. உயரமான பிளாஸ்டிக் ஸ்டூல்தான் மேசை, குட்டையான ஸ்டூல் நாற்காலி. முழங்கால் காதைத் தொட உட்கார்ந்து, தெருவோரமாக உறிஞ்ச வேண்டும். அளவு 'லியாங்' கணக்கு, ஒரு லியாங் 50 கிராம். 'அர் லியாங்' என்றால் 100 கிராம், ஒருவருக்குச் சரியாக இருக்கும். கடைக்காரர் முதலில் கிண்ணத்தை மசாலாவால் நிரப்புவார்: மிளகாய் எண்ணெய், சிச்சுவான் மிளகுத்தூள், சோயா சாஸ், பூண்டுத் தண்ணீர், இஞ்சித் தண்ணீர், கடுகுத்தண்டு ஊறுகாய், வேர்க்கடலை, வெங்காயத்தாள். கூடவே ஒரு கரண்டி வெள்ளையாக எதையோ போடுவார். நெய் என்று சைவக்காரர்கள் மகிழ வேண்டாம், அது பன்றிக் கொழுப்பு. 'பூ யாவ் ஜூ யோ' என்று அவர் கரண்டியைத் தூக்குவதற்குள் சொல்லிவிட வேண்டும். சூப்பும் பெரும்பாலும் எலும்புச் சாறுதான், அதனால் 'கான்லியூ' என்று சூப் இல்லாத வகையைக் கேளுங்கள். கிண்ணம் வந்ததும் அடியிலிருந்து புரட்டிக் கிளறுவது முக்கியம். கிளறாமல் மேலாகச் சாப்பிட்டால் முதல் பாதி சப்பென்று இருக்கும், இரண்டாம் பாதி பழிவாங்கும்.

சிச்சுவான் மிளகுக்கும் நம் மிளகுக்கும் உறவில்லை. அது எலுமிச்சைக் குடும்பம், கொங்கணச் சமையலில் போடும் திர்ஃபலின் ஒன்றுவிட்ட தம்பி. கடித்தால் உதடு மரத்துப்போய், பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்ட மாதிரி துடிக்கும். 'ஆந்திரா மீல்ஸே சாப்பிட்டவன்' என்று மார்தட்டுகிறவர்கள் விழுகிற இடம் இதுதான். மிளகாய்க்குப் பழகிய நாக்குக்கு இந்த மரப்பு பழக்கமில்லை.

ராத்திரி ஹாட்பாட், மேசையிலேயே கொதிக்கிற குழம்பில் நாமே முக்கி வேகவைத்துச் சாப்பிடுவது. பழைய வான்தாக்குதல் பதுங்கு குகைக்குள் நடக்கிற கடையைப் பிடியுங்கள். 1937 முதல் 1946 வரை சீனாவின் போர்க்காலத் தலைநகரம் இது. ஜப்பானிய விமானங்களுக்குப் பயந்து பாறையைக் குடைந்தார்கள், பேரப்பிள்ளைகள் அதற்குள் அடுப்பு வைத்துவிட்டார்கள். கோடையில் 40 டிகிரி தாண்டுகிற ஊரில் அந்தக் குகை சில்லென்று இருக்கும்.

மெனு க்யூஆர் குறியில் வரும், மொழிபெயர்ப்புச் செயலி தன் வேலையைக் காட்டும். 'கழுகுத் தேநீர்': கழுகு இல்லை, உள்ளூர் மரத்தின் இலையில் போடுகிற தேநீர். 'எலி மீன்': எலி இல்லை, வெறும் மீன். 'மஞ்சள் தொண்டை': தொண்டையும் இல்லை, பெரிய ரத்தக்குழாய். 'மாண்டரின் வாத்துப் பானை': வாத்தே கிடையாது, நடுவில் தடுப்பு வைத்து ஒரு பக்கம் காரம், மறுபக்கம் காரமில்லாத குழம்பு. இத்தனையும் பொய் என்று தைரியம் வந்து, 'மூளைப் பூ' என்பதைக் காலிஃபிளவர் என்று நினைத்து ஆர்டர் செய்துவிடாதீர்கள். அது மட்டும் நிஜம். பன்றி மூளை.

காரம் எவ்வளவு என்று கேட்டால் 'வெய் லா', லேசான காரம், என்று சொல்லுங்கள். அதற்குக் கீழே இறங்கிவருவது சோங்சிங்காரர்களுக்குத் தன்மானப் பிரச்சினை. அசல் குழம்பின் அடி மாட்டுக் கொழுப்பு. மாடு வேண்டாதவர்கள் தாவர எண்ணெய்ப் பானை, 'ச்சிங் யோ', இருக்கிறதா என்று கேட்க வேண்டும். சைவர்கள் வெள்ளைக் குழம்பைப் பால் என்று நம்பிவிடக் கூடாது, அதுவும் எலும்புதான். தக்காளிக் குழம்பு கேட்டு, அதையும் எதில் வைத்தார்கள் என்று விசாரிப்பது நல்லது.

பானைக்குள் ஒன்பது கட்டம் போட்ட சட்டம் இருக்கும். கட்டம் பிரிந்திருந்தாலும் அடியில் குழம்பு ஒன்றுதான். நடுக்கட்டத்தில் கொதி அதிகம், சட்டென்று வேகிறதற்கு. மூலைகளில் கொதி குறைவு, நேரம் பிடிப்பதற்கு. மாட்டின் இரைப்பைத் துண்டை நடுக்கட்டத்தில் சாப்ஸ்டிக்கை விடாமல் பிடித்தபடி முக்க வேண்டும்: 'ஏழு மேலே, எட்டு கீழே' என்பது கணக்கு, மொத்தம் 15 விநாடி. கூடினால் ரப்பர் செருப்பு. கையை விட்டால் காணாமலே போகும். சீனத்தில் அதே 'ஏழு மேலே எட்டு கீழே' நெஞ்சு படபடப்பதற்கும் சொல்கிற மரபுத்தொடர், முதல் தடவை முக்குகிறவருக்கு இரண்டும் பொருந்தும். கீரை, உருளைக்கிழங்கு, சோயா ஆடை எல்லாம் கடைசியில் போடுங்கள். கீரை எண்ணெயை ஸ்பாஞ்சு மாதிரி உறிஞ்சும், காரமான மாமிசத்தைவிடக் காரமான கீரை நெஞ்சைப் பிடிக்கும்.

தொட்டுக்கொள்ளச் சின்ன டின்னில் எள் எண்ணெய் தருவார்கள். இட்லிப் பொடிக்கு ஊற்றுகிற மாதிரி ஒரு சொட்டு ஊற்றிக் கூச்சப்படாதீர்கள், டின் முழுவதையும் கிண்ணத்தில் கவிழ்த்து, அரைத்த பூண்டும் உப்பும் போட வேண்டும். எண்ணெயில் முங்கி எழுந்தால்தான் துண்டின் சூடும் ஆறும், காரமும் கொஞ்சம் கழுவிப்போகும். தண்ணீர் குடித்துப் பயனில்லை. பிங்ஃபென் என்கிற வெல்லப்பாகு ஊற்றிய ஜெல்லி வாங்கிக்கொள்ளுங்கள், நாக்குக்கு அதுதான் ஆம்புலன்ஸ். ஏப்ரன் தந்தால் கட்டிக்கொள்ளுங்கள், வெள்ளைச் சட்டை வேண்டவே வேண்டாம்.

வெளியே வந்ததும் ஹோங்யாதோங் என்கிற கட்டடத்தின் விளக்கொளி பார்க்கப் போவீர்கள். 11 மாடி. அதன் உள்ளே நின்றால் கூட்டத்தின் முதுகுதான் தெரியும், சியென்ஸிமென் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் முழுசாகத் தெரியும். அக்டோபர் முதல் வாரம் மட்டும் போய்விடாதீர்கள், சீனாவே விடுமுறையில் இருக்கும். திரும்ப வண்டி கூப்பிடும்போது ஞாபகம் வையுங்கள்: லிஃப்டில் 1 அழுத்தினால் ஆற்றோரச் சாலை, 11 அழுத்தினாலும் சாலைதான், இது மேல்தெரு. இரண்டிலும் டாக்ஸி நிற்கும். உங்களுடையது மற்றதில் நிற்கும். ஓட்டுநர் ஃபோன் போட்டு "மேலே இருக்கீங்களா, கீழே இருக்கீங்களா?" என்று கேட்பார், மரத்துப்போன உதட்டோடு பதில் சொல்ல வேண்டும்.