டிஎஸ்ஹெச் 6.2, இடுப்பு 98

என் முழு உடல் பரிசோதனை ரிப்போர்ட்டில் இரண்டு எண்கள் தடித்த எழுத்தில் இருந்தன. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் 6.2, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1. இரண்டுமே கொஞ்சம் கூடுதல். காரைக்குடியில் இப்படி ஒன்று தெரிந்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். "தைராய்டுதான், அதான் உடம்பு போடுது" என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி.

டாக்டர் டேப்பை எடுத்து இடுப்பை அளந்தார். 98 செ.மீ. நம் நாட்டுப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம். "தைராய்டால எடை கூடுச்சா, எடை கூடினதால டிஎஸ்ஹெச் ஏறுச்சான்னு முதல்ல பாத்துடுவோம்மா" என்றார்.

கொழுப்புத் திசுவும் ஹார்மோன் சுரக்கிறது. 1994இல் கண்டுபிடிக்கப்பட்ட லெப்டின் அதில் ஒன்று. போதும், சாப்பிட்டாச்சு என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. கொழுப்பு கூடக்கூட லெப்டினும் கூடும், ஆனால் மூளை அதைக் காதில் வாங்காது. பசி அடங்காது. அதே லெப்டின் தைராய்டைத் தூண்டும் மூளைப் பகுதியையும் உசுப்புவதால், குண்டாக இருப்பவர்களுக்கு டிஎஸ்ஹெச் கொஞ்சம் ஏறி நிற்கலாம். கொழுப்பில் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான அடிப்போனெக்டின் இதற்கு நேர்மாறு. இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவுவது அதுதான். வயிற்றில் கொழுப்பு சேரச்சேர அது குறைந்துபோகும். சர்க்கரை ஏறுவதில் இதற்கும் பங்கு உண்டு.

தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 சரியாக இருந்தது. தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள், ஆன்டி டிபிஓ, இல்லை. மாத்திரை வேண்டாம், சில மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்றார்.

ஊருணியைச் சுற்றி நடப்பது சுலபமாகவே வந்துவிட்டது. சாப்பாடுதான் பாடாய்ப் படுத்தியது. கவுனி அரிசி உடம்புக்கு நல்லது என்பார்கள். எங்கள் வீட்டில் அது சர்க்கரை, நெய், தேங்காய்ப்பூ இல்லாமல் இலைக்கு வந்ததே இல்லை! கல்யாண வீட்டில் பணியாரத்தை வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள். ஒன்றை வாங்கி, பக்கத்து இலைக்குத் தள்ளப் பழகினேன்.

அடுத்த ரிப்போர்ட்டில் இடுப்பு 92, டிஎஸ்ஹெச் 4.1, ஹெச்பிஏ1சி 5.8. சர்க்கரை இன்னும் எல்லைக்கோட்டில்தான்.

இதைக் கேட்டதும் எங்கள் ஆச்சி, கூடப்பிறந்த அக்கா, தன் தைராய்டு மாத்திரையான தைராக்சினை நிறுத்தப் பார்த்தாள். அவளுக்கு எதிர்ப்பொருள் உண்டு, அவள் கதை வேறு. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. காலையில் வெறும் வயிற்றில் போட்டு, காபிக்கு அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். கால்சியம் மாத்திரைக்கு நான்கு மணி நேரம். காபிதான் அவளுக்குப் பெரிய சண்டை.