கிராணித் தாத்தா நோட்டும் தண்ணீர்மலையானும்

தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போக வேண்டாம், கூட்டம் வடிந்ததும் போங்கள் என்று வீட்டில் எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். அத்தை அசையவில்லை. "உங்கப்பன் பூசத்தன்னைக்குன்னுதான் சொல்லிட்டுப் போனான். நாள மாத்துனா அது என்னய்யா நேர்த்தி?" சரி என்று கிளம்பினோம்.

அப்பா கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்: கிராணித் தாத்தாவின் நோட்டை ஒரு பூசத்தன்று முருகன் காலடியில் வைத்து எடுக்க வேண்டும்.

கிராணித் தாத்தா, அப்பாவுக்குத் தாத்தா. வெள்ளைக்காரன் காலத்து மலாயாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமில் ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா. ரயில் ஸ்டேஷனும் நாலு கடைத்தெருவும் சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்களுமாகத்தான் அப்போது அந்த ஊர் இருந்ததாம். வேலை முடிந்ததும் ஒரு மளிகைக் கடை அஞ்சடியில், அதாவது கடை முன் நடைபாதையில், பாயை விரித்து உட்கார்ந்துவிடுவார். தோட்டத்து ஜனங்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார், மணியார்டர் பாரம் நிரப்புவார், ஆளில்லாதவர் யாராவது செத்துப்போனால் நாலு பேரைச் சேர்த்துக் காரியம் செய்வார். ஒரு காசு வாங்கியதில்லை. அதற்காகப் பாட்டி அவரைத் திட்டிய திட்டெல்லாம் எங்கள் வீட்டில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. பூசம் வந்தால் வயசாளிகளையும் கைம்பெண்களையும் சேர்த்துக்கொண்டு, தன் செலவில் பெரியில் (கடல் தாண்டும் படகில்) ஏற்றி இந்த மலைக்குக் கூட்டி வருவாராம்.

நோட்டு, கறுப்புத் துணி அட்டை போட்ட நீளமான கணக்கு நோட்டு. இடது ஓரத்தில் பெயர், அடுத்து தோட்டம், அடுத்து சொந்த ஊர், அப்புறம் கடிதம் யாருக்கு என்பது. 'தாயாருக்கு', 'சம்சாரத்துக்கு', 'தம்பிக்கு, நிலம் விஷயம்'. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் பினாங்கில் குண்டு போட்டதோடு ஊர்க் கடிதமும் நின்றுபோயிற்று, நோட்டிலும் கடிதக் கணக்கு அதோடு முடிகிறது. ஆனால் தாத்தா நோட்டை மூடி வைக்கவில்லை. சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயிலுக்கு, அந்த 415 கிலோமீட்டர் பாதை போட, தோட்டம் தோட்டமாகத் தமிழர்களை அள்ளிக்கொண்டு போனபோது, பழைய பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் 'சயாம்' என்று எழுதியிருக்கிறார். சிலவற்றின் கீழே மட்டும் மையால் 'வந்தான்'. மற்றவை அப்படியே கிடக்கின்றன.

தாத்தா பெரியில் போனார், நாமும் பெரியில்தான் போக வேண்டும் என்றார் அத்தை. இப்போது பெரியில் கார் ஏறாது. பெரி ஏறும் பட்டர்வொர்த்தில் ஒரு காலி மனையில் காரை விட்டோம். விசில் ஊதிக்கொண்டிருந்த ஒருவன் இருபது வெள்ளி (ரிங்கிட்) கேட்டான். சீட்டு கேட்டால், "முருகன் பேரைச் சொல்லிக் குடுங்கண்ணே" என்கிறான்! முருகன் எப்போது பார்க்கிங் குத்தகை எடுத்தார் என்று தெரியவில்லை.

மலையடிவாரச் சாலையில் முந்தின நாள் வெள்ளி ரதத்துக்கு உடைத்த தேங்காயின் வாசம் இன்னும் போகவில்லை. 1894-ல் நகரத்தார் கொண்டுவந்த ரதம் அது. தாத்தாவும் அதைத்தான் பார்த்திருப்பார். பந்தல்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தண்ணீரும் சோறும் கொடுக்கிறார்கள், கோடிப் புண்ணியம். ஆனால் அந்த ஒலிபெருக்கி எதற்கு? காவடி எடுத்து வருகிறவர் காதில் வேல் முழக்கம் விழ வேண்டாமா?

படிகள் 513. முழங்கால் வலிக்காரி அத்தை ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்தார். நோட்டை மஞ்சள் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார், என்னிடம்கூடத் தரவில்லை. பால்குடம் சுமந்து வந்த ஒரு சீனப் பெண்மணி நின்று, தன்னோடு வந்த பையனை அத்தைக்குக் கை கொடுக்கச் சொன்னார். அந்தப் பையன் மேலே வரை விடவில்லை.

சன்னதியில் வழக்கம்போல "நகருங்க, நகருங்க". எனக்கு எரிச்சல்தான் வந்தது. இத்தனை பாடுபட்டு வந்து ஒரு நொடிப் பார்வைதானா? அந்த நேரம் பார்த்துப் பெரிய காவடி ஒன்று உள்ளே வர, வழிவிட வேண்டும் என்று எங்கள் வரிசையை அப்படியே நிறுத்திவிட்டார்கள். நாங்கள் நின்ற இடம் பாலதண்டாயுதபாணிக்கு நேர் எதிரே! பாலாபிஷேகம் முடிந்து, முகத்தில் விபூதி வழிந்து, சிரிக்கிறாரா இல்லையா என்று சொல்ல முடியாத அந்தக் கோலம். அத்தை துணியைப் பிரித்து நோட்டை நீட்டினார். குருக்கள் என்ன ஏது என்று கேட்காமல் வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கு?" என்றார்.

அத்தை ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். "இவங்க எல்லாருக்கும். நட்சத்திரம் தெரியாது சாமி."

குருக்கள் அந்தப் பக்கத்தையே சற்று நேரம் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் முனகத் தொடங்கியும் அவர் அவசரப்படவில்லை. முதல் பெயரிலிருந்து வாசித்தார். ஊர்ப்பெயரோடு சேர்த்து வாசித்தார். அந்தப் பக்கம் முடிந்ததும் "மற்றவாளுக்கெல்லாம் சுவாமி பேருக்கே" என்று சொல்லி, நோட்டைப் பாதத்தில் வைத்து, ஒரு செவ்வரளியோடு திருப்பிக் கொடுத்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. முருகா, எத்தனை தாயாருக்குப் போய்ச் சேராத கடிதமப்பா அது! நீ கேட்டுக்கொண்டாயே, அது போதும். அப்பா, உங்கள் வாக்கைக் காப்பாற்றிவிட்டோம்.

எப்படி இறங்கினோம், எங்கே சாப்பிட்டோம் என்பதெல்லாம் சரியாக நினைவில்லை. திரும்பும்போது பெரியில் அத்தை அடுத்த பூசத்துக்குத் திட்டம் போட ஆரம்பித்துவிட்டார். தாத்தா பேரில் நீர்மோர்ப் பந்தல். தயிர் அவர் பொறுப்பு, ஐஸ் என் பொறுப்பு. ஒலிபெருக்கி கிடையாது.