கரும்புத் தீவுகளில் வேலூர்க்காரர்கள்

சொகுசுக் கப்பலில் கரீபியன் தீவுகளைப் பார்த்துவிட்டு வந்தோம் என்று சொன்னால், எங்கள் பக்கத்தில் முதலில் கேட்கப்படுவது செலவு, அடுத்தது சாப்பாடு. இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டுச் சொல்ல வந்த விஷயத்திற்குப் போகிறேன். பணி ஓய்வின்போது கிடைத்த தொகையில் ஒரு பகுதியும், அமெரிக்காவில் இருக்கும் மகனின் பங்கும் சேர்ந்துதான் எங்கள் பயணம் நடந்தது. சாப்பாட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை. சைவம் உண்பவர்கள் பயணச்சீட்டு வாங்கும்போதே எழுதிக் கொடுத்துவிட்டு, முதல் நாள் இரவு உணவுக்கூடப் பொறுப்பாளரிடம் நினைவூட்டிவிட்டால், மறுநாள் முதல் பருப்பும் சாதமும் கேட்காமலே மேசைக்கு வந்துவிடுகின்றன. மாங்காய் ஊறுகாய் மட்டும் எங்கள் பெட்டியிலிருந்து போனது.

நாங்கள் நான்கு குடும்பத்தினர். சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் கரும்புச் சாற்றைச் சோதிப்பதிலேயே பணிக்காலத்தைக் கழித்த நான். குடியாத்தத்தில் கைத்தறி லுங்கி வணிகம் செய்யும் நண்பர். இராணிப்பேட்டையில் தோல் தொழில் நடத்தும் இன்னொருவர். வேலூரில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற அக்கா. அவரவர் துணையும் உடன் வந்தனர். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்பதால் ஜனவரி மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம். கப்பல் புறப்படும் சான் ஹுவான் நகரம், 1898 முதல் அமெரிக்காவின் ஆட்சியில் இருக்கும் புவேர்ட்டோ ரிக்கோவில் உள்ளது. பயணம் முடிந்து திரும்புவதும் அங்கேதான் என்பதால், பலமுறை நுழைய அனுமதிக்கும் அமெரிக்க விசாவைக் கையில் வைத்துக்கொண்டே மற்ற ஏற்பாடுகளைத் தொடங்க வேண்டும். கடலைப் பார்த்து நிற்கும் எல் மோரோ கோட்டையை 1539 இல் கட்டத் தொடங்கினார்கள் என்று வழிகாட்டி சொன்னபோது, அதே நூற்றாண்டைச் சேர்ந்த நம் வேலூர்க் கோட்டையின் அகழியைப் பற்றி எங்களில் இருவர் அவருக்கே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கப்பல் பெரிதன்று, சில நூறு பயணிகள் மட்டுமே செல்லும் வகையைச் சேர்ந்தது. ஒவ்வோர் அறைக்கும் கடலை நோக்கிய பால்கனி உண்டு. சில அறைகளுக்குச் சேர்த்து ஒரு பட்லர் உண்டு. காலைக் காபியைக் கொண்டுவருவது, சட்டையை இஸ்திரி போட்டுத் தொங்கவிடுவது, மறுநாள் கரையிறங்கும் நேரத்தை நினைவூட்டுவது என்று அவர் செய்த பணிகளை என் மனைவி இன்றுவரை என்னிடம் எடுத்துச் சொல்லி வருகிறார். எதற்காகச் சொல்கிறார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. புறப்படும் முன் எல்லோரும் உயிர்காப்புப் படகுகளுக்கான கூடுமிடத்திற்குச் சென்று நின்றாக வேண்டும். எவ்வளவு பணம் கட்டியவருக்கும் அதில் விலக்கு இல்லை.

செவிலியர் அக்காவுக்கு இந்தப் பயணம் என்றால் கப்பல் பணியாளர்கள்தாம். முதல் நாளே உணவுக்கூட வாசலில் ஒவ்வொருவரையும் கைகழுவ வைத்த ஒழுங்கைப் பார்த்து மனநிறைவு கொண்டவர், அதன் பிறகு பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, கோவா என்று பல ஊர்களிலிருந்து வந்திருந்த இளைஞர்களிடம் வீட்டு நலம் விசாரிப்பதிலேயே பாதி நேரத்தைச் செலவிட்டார். ஆறு மாதம் முதல் ஒன்பது மாதம் வரை விடுமுறை நாளே இல்லாமல் வேலை செய்துவிட்டு ஊருக்குப் போகும் ஒப்பந்தம் அவர்களுடையது. தூத்துக்குடியைச் சேர்ந்த பரிசாரகத் தம்பி ஒருவர், அக்கா தமிழில் பேச்சுக் கொடுத்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டார். அன்றிலிருந்து எங்கள் மேசைக்கு ரசம் தனியாக வந்தது. மற்ற மேசையினர் அது என்ன சூப் என்று கேட்டு வாங்கிக் குடித்ததையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

இராணிப்பேட்டை நண்பரோ கப்பலின் அடித்தளத்தைச் சுற்றிக் காட்டும் கட்டணச் சுற்றுலாவில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர். கடல் நீரை எதிர்ச் சவ்வூடு (ஆர்.ஓ.) முறையில் குடிநீராக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்று அவர் கேட்ட கேள்விகளுக்குப் பொறியாளர் பதில் சொல்லி முடிப்பதற்குள் மற்றப் பயணிகள் அடுத்த தளத்திற்குப் போய்விட்டார்கள். பாலாற்றைத் தோல் தொழிற்சாலைக் கழிவு கெடுத்த வழக்கில் 1996 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது நம் மாவட்டத்தில் அனைவருக்கும் தெரியும். அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் உப்பைப் பிரிக்கும் சவ்வுகளும் அவர் தொழிலின் அன்றாடக் கவலையாகிவிட்டன. கப்பலில் எடுக்கும் உப்பை மீண்டும் கடலிலேயே விட்டுவிடலாம், நாம் எடுத்த உப்பை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று அவர் அன்று மாலை கேட்ட கேள்விக்கு எங்களில் எவரிடமும் பதில் இல்லை.

என் பங்கு ஆன்டிகுவா தீவில் தொடங்கியது. பெட்டிஸ் ஹோப் என்ற பழைய கரும்புத் தோட்டத்தில் காற்றாலைக் கோபுரங்கள் இரண்டு நிற்கின்றன; அவற்றுள் ஒன்றைப் பாய்களோடு செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். 1674 முதல் 1944 வரை அந்தத் தோட்டம் காட்ரிங்டன் என்ற ஒரே ஆங்கிலேயக் குடும்பத்தின் கையில் இருந்தது. செங்குத்தாக நிற்கும் மூன்று உருளைகளைக் காற்று சுழற்ற, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் கையாலேயே கரும்பை அவற்றுக்கிடையே செலுத்தினார்கள். உருளைக்குள் கை சிக்கிக்கொண்டால் வெட்டியெடுப்பதற்காக அருகிலேயே ஒரு கோடரி வைத்திருப்பார்கள் என்று வழிகாட்டி சொன்னதும் யாரும் படமெடுக்கவில்லை. வெட்டிய கரும்பு ஓரிரு நாளில் சர்க்கரையை இழக்கத் தொடங்கிவிடும் என்பதால்தான் அரவைப் பருவத்தில் ஆலையை இரவிலும் நிறுத்த முடியாது. எங்கள் ஆலையிலும் மூன்று ஷிப்டு ஓடியதற்குக் காரணம் அதுவே. வேதியியல் ஒன்றுதான். ஆனால் எங்களுக்கு ஷிப்டு முடிந்தால் வீடு இருந்தது, சங்கம் இருந்தது. அவர்களுக்கு, அடிமை முறை ஒழிந்த 1834 வரை எதுவும் இல்லை. அந்தத் தீவில் சர்க்கரைத் தொழிலே 1970களின் தொடக்கத்தில் நின்றுபோயிற்று.

குவாதலூப் தீவைப் பற்றிச் சற்று நீளமாகவே எழுத வேண்டும். பிரான்சு நாட்டின் ஒரு மாவட்டமாகவே இன்றும் இருக்கும் இந்தத் தீவில், கப்பல் நிற்கும் புவாந்த்-அ-பித்ர் நகரின் கடலோரத்தில் தார்புசியே என்ற பெரிய சர்க்கரை ஆலை ஒருகாலத்தில் இயங்கியது. அந்த இடத்தில்தான் அடிமை முறையின் வரலாற்றைச் சொல்லும் நினைவகத்தை 2015 இல் திறந்தார்கள். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848 இல் அடிமை முறை ஒழிந்தவுடன், தோட்ட முதலாளிகள் ஆட்களைத் தேடி இந்தியாவின் பக்கம் திரும்பினர். ஓரேலி என்ற கப்பல் 1853 இல் மார்த்தினீக் தீவுக்கும் 1854 இல் குவாதலூப்புக்கும் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கியது. பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் ஏற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர். ஆங்கிலேய அரசு 1888 இல் தடுத்து நிறுத்தும் வரை குவாதலூப்புக்கு மட்டும் ஏறத்தாழ 42,000 பேர் வந்தனர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு மூன்று மாத அளவில் அவர்கள் கடந்த கடலின் கடைசிப் பகுதியைத்தான் நாங்கள் பால்கனியில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டு வந்திருந்தோம்.

கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்த அருவிச் சுற்றுலாவை விட்டுவிட்டு, எட்டுப் பேரும் ஒரு வேனை அமர்த்திக்கொண்டு கபெஸ்தெர் என்ற ஊருக்குப் போனோம். போகும் வழியில் இடையிடையே கரும்பு வயல்கள். அரவை தொடங்க இன்னும் சில வாரங்கள் இருந்ததால் பூவோடு நின்றன. ஷாங்ஜி என்ற இடத்தில் சாலையோரமாகவே மாரியம்மன் கோயில் இருக்கிறது. சுதைச் சிற்பங்களின் மஞ்சளும் நீலமும் நம்மூர்க் கோயிலுக்கு அண்மையில் குடமுழுக்கு முடிந்ததைப் போல் பளிச்சென்று இருந்தன. அங்கே இருந்த பெரியவருக்குத் தமிழில் பேசத் தெரியாது. பிரெஞ்சும், தீவின் பேச்சுமொழியான கிரியோலும் மட்டுமே தெரியும். ஆனால் அம்மனுக்கு முன்னால் பாடும் பாட்டைத் தந்தையிடமிருந்து கேட்டுக் கற்றபடியே தமிழில் பாடினார். சொற்கள் தேய்ந்திருந்தன; மெட்டு தேயவில்லை. குடியாத்தத்துக் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை ஆண்டுதோறும் பார்த்து வளர்ந்த நண்பர் தம்மை அறியாமல் கூடவே முணுமுணுத்தார். உங்கள் முன்னோர் எந்த ஊர் என்று வேன் ஓட்டுநர் மூலம் கேட்டோம். பாண்டிச்சேரி என்றார். கப்பலேறிய ஊர் அதுதான் என்பதால் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் ஊர் ஆற்காடா, செஞ்சியா, தஞ்சையா என்பதைச் சொல்ல இன்று ஆள் இல்லை.

அந்த ஊரில் பிறந்த ஆன்றி சிதம்பரம் என்பவர், இந்திய வம்சாவளியினருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டும் என்று 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்றார். நம் பாடப்புத்தகங்களில் ஒரு வரியாவது அவருக்குத் தந்திருக்கலாம் என்பது என் கருத்து. மதியம் மல்லி, சீரகம், கடுகு, மஞ்சள் எல்லாம் சேர்ந்த கொலம்போ மசாலாவில் வெந்த ஆட்டுக்கறியை அசைவம் உண்பவர்கள் ரசித்துச் சாப்பிட்டார்கள். மறுநாள் பொங்கல் என்பதால் ஒரு கரும்பு வாங்கிக்கொள்ளலாம் என்று என் மனைவி சொன்னார். செடி, பழம் எதையும் கரையிலிருந்து கப்பலுக்குள் கொண்டுவரக் கூடாது என்ற விதியால் அதுவும் நடக்கவில்லை. தீவெல்லாம் கரும்பு நின்றபோதும், அந்த ஆண்டுப் பொங்கலை நாங்கள் கரும்பு இல்லாமலேதான் கொண்டாடினோம்.

செயின்ட் லூசியாவில் கடலிலிருந்து நேராக எழும் இரட்டைச் சிகரங்களைப் பார்த்தோம். அவற்றுள் உயரமான பெரிய பிட்டன் 798 மீட்டர் உயரம். இரண்டும் 2004 முதல் உலக மரபுச் சின்னங்கள். ஆனால் குடியாத்தம் நண்பர் மலையைப் பார்த்ததாகவே நினைவில்லை என்கிறார். காஸ்ட்ரீஸ் சந்தையில் பெண்கள் தலையில் கட்டியிருந்த மெட்ராஸ் கட்டத் துணியில்தான் அவர் கண் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னைக் கரையிலிருந்து வணிகர்கள் கொண்டுபோன கட்டம் போட்ட பருத்தித் துணி, இன்று அந்தத் தீவுகளின் தேசிய உடையாகவே ஆகிவிட்டது. தலைக்கட்டின் முனைகளுக்கும் கணக்கு உண்டு: ஒரு முனை என்றால் மனம் இன்னும் எவரிடமும் போகவில்லை, இரண்டு என்றால் நிச்சயமாகிவிட்டது, மூன்று என்றால் திருமணம் ஆனவர். நான்கு முனை வைத்துக் கட்டியிருந்தால் என்ன பொருள் என்று கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னதை எங்கள் மனைவிமார் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். நண்பர் ஒவ்வொரு துணியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூலுக்குச் சாயமேற்றிப் பாவிலும் ஊடையிலும் கட்டத்தைக் கொண்டுவந்த துணி இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். அச்சடித்த துணியின் பின்பக்கம் வெளுத்திருக்கும். தொட்டதில் பெரும்பாலானவை அச்சு. "சார், நம்ம தறியில இதை ஒரு வாரத்துல இறக்கிடலாம்" என்று அவர் சொன்ன குரலில் வியாபாரம் பாதி, வருத்தம் பாதி.

பார்படோஸில் நேரம் குறைவு. கென்சிங்டன் ஓவல் கிரிக்கெட் மைதானத்தின் வாசலில் ஆண்கள் நால்வரும் படம் எடுத்துக்கொண்டோம். சோபர்ஸ் சிலைக்குப் பக்கத்தில் நிற்க ஒரு சிறு தள்ளுமுள்ளு நடந்ததாகப் பெண்கள் சொல்கிறார்கள்.

ஊர் திரும்பி வெயில் ஏறத் தொடங்கிய நாளில், படங்களைப் பகிர்ந்துகொள்ள சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் கூடினோம். ஒரே மேசையில் உண்ட எட்டுப் பேரின் கைப்பேசிகளிலும் படங்கள் அறவே ஒத்துப்போகவில்லை. அக்காவிடம் இருந்தவை எல்லாம் முகங்கள். இராணிப்பேட்டை நண்பரிடம் குழாய்களும் அளவுமானிகளும். அவற்றை எதற்காக எடுத்தார் என்று அவர் மனைவியே கேட்டார். குடியாத்தத்தவரிடம் துணியின் முன்பக்கமும் பின்பக்கமும் மாறி மாறி வந்தன. என்னிடம் கரும்பு வயல்கள் அளவுக்கு மீறி இருந்தன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பளிங்குப் படிக்கட்டு, ஒப்பனை செய்த இனிப்புத் தட்டு, சூரியன் மறையும் நேரத்து நீச்சல் குளம் ஆகியவை மட்டும் எல்லோரிடமும் அச்சாக ஒரே மாதிரி இருந்தன. அவற்றை ஒருவரும் நின்று பார்க்கவில்லை, விரலால் தள்ளிக்கொண்டே போனார்கள். நாங்கள் பெருந்தொகை கொடுத்தது அவற்றுக்காகத்தான் என்பதும் எங்களுக்குத் தெரியும். கோயில் பெரியவரின் பாட்டை அக்கா பதிவு செய்திருந்தார். அதை இரண்டு முறை போட்டுக் கேட்டு, நடுவில் தேய்ந்திருந்த ஓர் அடியை ஆளுக்கு ஒரு விதமாகப் பூர்த்தி செய்தோம். அந்த அடிக்கு நான்கு வடிவங்கள் கிடைத்தன. எது சரி என்பதில் உடன்பாடு ஏற்படவில்லை.

அந்தப் பதிவை இப்போது காரைக்காலில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பியிருக்கிறோம். அடுத்த முறை கப்பல் வேண்டாம், குவாதலூப்பிலேயே வீடெடுத்து இரண்டு வாரம் தங்கி அரவைப் பருவத்தைப் பார்க்கலாம் என்பது என் யோசனை. குடியாத்தம் நண்பர் துணி மாதிரிகளோடு வரத் தயார் என்கிறார். இராணிப்பேட்டைக்காரர் அலாஸ்கா கப்பலின் விலைப்பட்டியலை அனுப்பியிருக்கிறார். என் மனைவி என் யோசனையை முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்க, அங்க காலையில காபி யார் கொண்டாந்து குடுப்பாங்க?" என்று கேட்டார். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.