உதட்டுக்குள்ளிருந்து எடுத்த அரிசி மணிகள்

சோறு இறங்கவில்லை. அதுதான் முதலில் தெரிந்தது. கவளத்துக்கு ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. கண்ணில் மணல் விழுந்தாற்போல உறுத்தல் வேறு. இரண்டு வருஷம் ஆளாளுக்குச் சூடு, டென்ஷன், வயசு என்றார்கள். சர்க்கரையும் இல்லை. கடைசியில் பல் மருத்துவர்தான், ஈறோரமாகப் பற்கள் வரிசையாகச் சொத்தையாவதைப் பார்த்து, மூட்டுவாத நிபுணரிடம் போகச் சொன்னார்.

ஷோகிரன் நோய் என்ற பெயரை அங்கேதான் முதலில் கேட்டேன். உடம்பின் எதிர்ப்பு சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்குகிற நோயாம். 1933இல் அதை விரிவாக எழுதிய சுவீடன் கண் மருத்துவரின் பெயர் அது. கண்ணீரை அளக்கக் கீழிமையில் காகிதப் பட்டையை மாட்டினார்கள். ஐந்து நிமிஷத்தில் 3 மி.மீ. தான் நனைந்தது, 5க்கு மேல் நனைய வேண்டுமாம். ஆனால் இந்த நோயில் பலருக்கு ரத்தத்தில் இருக்கும் ஆன்டி-ரோ என்ற ஆன்டிபாடி எனக்கு இல்லை. அப்பாடா என்றேன். "ரோ இல்லாமலும் இது வரும்மா. அப்போ உதட்டுச் சதையைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

பயந்த அளவுக்கு இல்லை. மரத்துப்போக ஊசி போட்டபோதுதான் வலி. கீழுதட்டின் உட்புறத்தில் சின்னதாகக் கீறி, அரிசி மணி போன்ற உமிழ்நீர்ச் சுரப்பிகள் ஐந்தை எடுத்தார்கள். இரண்டு தையல். நான்கைந்து நாள் காரம் தொடவில்லை.

முடிவு வந்ததும் டாக்டர் காகிதத்தில் வரைந்து காட்டினார். உமிழ்நீர்க் குழாய்களைச் சுற்றி லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் குவிந்திருக்கின்றன. ஐம்பதுக்கு மேல் சேர்ந்தால் அது ஒரு குவியல். 4 சதுர மி.மீ.க்கு ஒரு குவியல் இருந்தாலே நோய்க்கு அடையாளம். எனக்கு இரண்டு.

என்னை உலுக்கியது அடுத்து அவர் சொன்னதுதான். சுரப்பி சும்மா அடிவாங்கிக்கொண்டிருக்கவில்லை. அதன் செல்களே, இன்டர்ஃபெரான் என்ற எதிர்ப்பு சக்திப் புரதத்தால் தூண்டப்பட்டு, ஆள் கூப்பிடுகிற மாதிரி ரசாயனங்களைச் சுரந்து, லிம்போசைட்டுகளில் ஒரு வகையான டி செல்களை வரவழைக்கின்றன. பேஃப் என்ற புரதத்தைச் சுரந்து, இன்னொரு வகையான பி செல்களைச் சாகவிடாமல் காக்கின்றன. அந்த பி செல்கள் சொந்த உடம்புக்கு எதிராகவே ஆன்டிபாடி செய்கின்றன. சிலருக்குப் பல வருஷம் கழித்து இந்த பி செல்கள் லிம்போமா என்ற புற்றுநோயாக மாறலாம். அதனால் காதடிச் சுரப்பி வீங்கி, வீக்கம் வடியாமலே இருந்தால் உடனே வரவேண்டும் என்றார்.

"சுரப்பி செத்துப்போச்சா டாக்டர்?" என்று கேட்டேன். இல்லையாம். அழியாத செல்கள் நிறைய இருக்கின்றன, அவையும் சரியாகச் சுரப்பதில்லை, அவ்வளவுதான். அவற்றைத் தூண்டத்தான் பைலோகார்பின் மாத்திரை. அதைப் போட்டால் வியர்வை கொட்டுகிறது. ஆனாலும் போன வாரம் தண்ணீர் டம்ளரைத் தொடாமல் இரண்டு இட்லி சாப்பிட்டேன்.